மெசின் போன ஊரும் மெசின் வந்த கரையும்

1995 ஜூன் மாதம் வெளியான ‘டிமெனுஃபக்சர்’ என்ற அல்பத்தைப் போட்டதும் முதலில் காதில் அறைவது அதன் அடி. காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்றம்மும், உள்ளங்கையால் நரம்பை அமுக்கிக்கொண்டு மீட்டும் கிற்றாரும் ஒரே கணத்தில் விழுந்து ஒரே கணத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே மயிரிழை தள்ளாட்டம் இல்லை. தகடு வெட்டும் அழுத்தப்பொறி இப்படித்தான் விழும். ட்றம்மைக் கணினிதான் அடிக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அடித்தவர் றேமண்ட் ஹெரேரா என்ற மனிதர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஃபியர் ஃபக்டரி இசைக்குழுவுக்கு இது இரண்டாவது அல்பம். இண்டஸ்ட்ரியல் மெற்றல் என்று பெயர் பெற்ற இசையில் இதைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. இயந்திரங்கள் அரசாளும் ஒரு காலத்தில் அவற்றோடு மோதும் மனிதனின் கதையைத்தான் பாடல்கள் சொல்லிச் செல்கின்றன. ‘டேர்மினேற்றர்’ படங்களின் பாதிப்பை அந்தக் குழு மறைத்ததில்லை. அதனாலே இந்த அல்பத்தை வரப்போகும் காலத்துக்கான எச்சரிக்கையாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடில்லை. இதில் கேட்பது நடந்து முடிந்த ஒன்று. ஆலைச் சத்தம் பாட்டுக்குள் ஏறியது ஆலை வந்தபோது அல்ல, ஆலை போனபோது. இதற்கான சான்றில் ஒரு பாதி பேர்மிங்ஹாமிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிறது. மறுபாதி இலங்கையின் கிழக்குக் கரையில், அட்டாளைச்சேனை வயல்களிலும் கடற்கரையிலும் கிடக்கிறது. இங்கே மெசின் வந்தது, பாட்டு நின்றது.

இந்த இசைக்குப் பெயர் வந்த வரலாற்றிலிருந்து தொடங்கலாம். 1976 இல் லண்டனில் த்றொபிங் கிறிஸ்ல் என்ற குழுவினர் ‘இண்டஸ்ட்ரியல் றெக்கோட்ஸ்’ என்ற வெளியீட்டகத்தைத் தொடங்கினார்கள். ஹக்னிப் பகுதியில் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றின் நிலவறைதான் அவர்களின் கூடம். (அவர்களின் முதல் அல்பத்துக்கு ‘இரண்டாவது ஆண்டறிக்கை’ என்று பொருள்படும் பெயர். கம்பெனி அறிக்கையைக் கேலி செய்யும் குசும்பு அது.) ஆலை ஓடிக்கொண்டிருந்தால் அந்த நிலவறை வாடகைக்கு வந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1980 இல் பேர்லினில் உருவான ஐன்ஸ்டூர்ட்சென்டெ நொய்பவுட்டன் குழு துளைப்பொறியையும் இரும்புத் தகட்டையும் மேடைக்குக் கொண்டுவந்தது. லண்டனின் டெஸ்ட் டிப்பார்ட்மென்ற் குழுவினர் தேம்ஸ் கரையில் செத்துக்கிடந்த துறைமுகப் பகுதிகளில் பொறுக்கிய பழைய இரும்பை அடித்தார்கள். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழுவோடு சேர்ந்து ஓர் அல்பமும் செய்தார்கள். ஒரு பக்கம் இரும்பை அடிக்கும் நகரத்து இளைஞர்கள், மறுபக்கம் சுரங்கம் மூடப்போகிறது என்று தெரிந்த மனிதர்களின் கூட்டுக் குரல். யாருடைய சத்தத்தை யார் எடுத்துப் பாடினார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு வேறில்லை.

மெற்றல் இசை ஆலை ஓடிய காலத்திலேயே பிறந்துவிட்டதே, பிறகெப்படி இந்த வாதம் நிற்கும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1965 இல், 17 வயதில், பேர்மிங்ஹாம் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தன் கடைசி நாள் வேலையில் இருந்த டோனி அயோமியின் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை மெசின் வெட்டி எடுத்தது. இடது கையால் மீட்டுபவருக்கு நரம்பை அழுத்தும் கை அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். மெல்லிய நரம்பு பூட்டினார். பின்னாளில் வலி குறைய நரம்பைத் தளர்த்தி மீட்டினார். பிளக் சபத் குழுவின் கனத்த ஒலிக்குப் பின்னால் அந்தக் காயம் இருக்கிறது. ஆனால் 1970 இல் வந்த அவர்களின் இரண்டாவது அல்பம் ‘பறனொய்ட்’ எதைப் பாடியது? போரை, பைத்தியத்தை, போதையை, இரும்பாகிப்போன ஒரு மனிதனை. அழுத்தப்பொறியின் அடியை அடியாகவே பாட்டில் வைக்க அவர்கள் நினைக்கவில்லை. பகல் முழுக்க அதைக் கேட்டவன் இரவில் கிற்றாரை எடுத்தது அதைவிட்டுத் தப்பவே. ஆலை உடம்பில் தழும்பாக இருந்தது. காதுக்கு அது இன்னும் அரிய பொருளாகவில்லை. அடுத்த பத்தாண்டில் நிலை மாறுகிறது. 1980 ஜனவரி 2 முதல் ஏப்ரல் 3 வரை பிரித்தானிய உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. அது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் ஜூடஸ் ப்றீஸ்ற் குழுவின் ‘பிறிற்றிஷ் ஸ்டீல்’ வந்தது. அதில் இரும்பு மனிதர்கள் அணிவகுத்து நடக்கும் சத்தம் ஒரு பாடலில் கேட்கும். எந்த உருக்காலையிலும் அது பதிவானதல்ல. அவர்கள் தங்கி வேலை செய்த பெரிய வீட்டுக் குசினியிலிருந்து கரண்டியும் முள்ளும் நிறைந்த தட்டத்தை எடுத்துக் குலுக்கிச் செய்தது. உருக்குத் தொழிலே ஆட்டம் கண்ட வருடத்தில் உருக்கின் சத்தம் குசினிக் கரண்டியில் செய்யும் பொருளாகிவிட்டது.

பேர்மிங்ஹாம் அடுத்துத் தந்த குழு கோட்ஃபிளெஷ். 1988 இல் ஜஸ்டின் ப்றோட்றிக், ஜி. சி. கிறீன் என்ற இருவர் தொடங்கியது. ட்றம் அடிக்க ஆள் இல்லை. ட்றம் மெசின் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். 1989 இல் ‘ஸ்ட்றீட்கிளீனர்’, 1992 இல் இரண்டாவது அல்பம் ‘பியூர்’. சபத்தின் ஊர்தான், ஆனால் அந்த ஊர் இப்போது வேறு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் செழிப்பான பகுதிகளில் ஒன்றாக இருந்த மேற்கு மிட்லண்ட்ஸ் 1980களின் தொடக்கத்தில் ஆலை ஆலையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அயோமி தப்பியோட நினைத்த அடியை ப்றோட்றிக் வேண்டுமென்றே தேடி எடுத்து, மாற்றமில்லாமல், இரக்கமில்லாமல், பாடல் முழுக்க ஓடவிட்டார். ஓடிய ஆலையின் பிள்ளை சபத். நின்ற ஆலையின் பிள்ளை கோட்ஃபிளெஷ். இந்த வழி நேராக ‘டிமெனுஃபக்சர்’ வரை போகிறது. அந்த அல்பத்தில் ஃபியர் ஃபக்டரி பாடிய பிறர் பாடல் ஒன்று பேர்மிங்ஹாம் பக்கத்து ஹெட் ஒஃப் டேவிட் குழுவுடையது. ப்றோட்றிக் ஒரு காலத்தில் ட்றம் அடித்த குழு அது.

இங்கேதான் அடுத்த தடை வருகிறது. பேர்மிங்ஹாம் சரி, லொஸ் ஏஞ்சலிஸ் சினிமாவும் வெயிலும் கடற்கரையும் உள்ள ஊர், அங்கே எந்த ஆலை மூடியது? நிறைய மூடியது. தெற்கே சவுத் கேற் பகுதியில் ஃபயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலை 1980 இலும், அதே பகுதியின் ஜெனரல் மோட்டர்ஸ் கார்த் தொழிற்சாலை 1982 இலும் மூடப்பட்டன. 1942 இல் போர்க்கப்பல்களுக்குத் தகடு செய்ய ஃபொன்டானாவில் எழுந்த கைசர் உருக்காலை 1983 இல் அணைந்தது. அதன் பிறகு நடந்த கதைதான் எனக்கு முக்கியம். 1991 இல் வந்த ‘டேர்மினேற்றர் 2’ படத்தில் உருகிய இரும்புக்கு மேலே நடக்கும் கடைசிச் சண்டை அந்தச் செத்த கைசர் ஆலையில் எடுக்கப்பட்டது. பல வருடம் குளிர்ந்து கிடந்த உலைகளை விளக்கு வெளிச்சத்தாலும் புகையாலும் உயிருள்ளவை போலக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஆலையின் ஒரு பகுதியைச் சீனாவின் ஷௌகாங் உருக்கு நிறுவனம் வாங்கி, ஆட்களை அனுப்பிக் கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுபோனது. கழற்றல் நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான், அங்கிருந்து காரில் போகும் தூரத்தில், தமக்கு ‘அச்சத் தொழிற்சாலை’ என்று பெயர் வைத்துக்கொண்ட இளைஞர்கள் தம் இரண்டாவது அல்பத்தை யோசித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்காலப் படம் என்று அவர்கள் பார்த்த சினிமாவின் உலை, பக்கத்து ஊரின் இறந்தகாலம். இதை அவர்கள் அறிந்து செய்தார்களா என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. சத்தத்துக்கு ஆட்கள் பழகியிருந்தார்கள், சத்தம் போய்விட்டது, இசை அந்த இடத்துக்கு வந்தது.

தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்வார்கள். ட்றம் மெசினும் ஒலித்துண்டுகளைச் சேமித்து மீட்டும் கருவிகளும் 1980களில் மலிந்தன, அதனால் இந்த இசை பிறந்தது, ஆலைக் கதையெல்லாம் பிறகு ஒட்டவைத்தது என்பது அவர்கள் கட்சி. கருவியின் பங்கை நானும் மறுக்கவில்லை. ஃபியர் ஃபக்டரியின் முதல் அல்பம் 1992 இல் வந்தது. அது பெரும்பாலும் அக்காலத்து டெத் மெற்றல். 1993 இல் கனடாவின் ஃப்றன்ற் லைன் அசெம்ப்ளி குழுவைச் சேர்ந்த றீஸ் ஃபுல்பரும் பில் லீபும் அதன் பாடல்களைக் கழற்றி, மின்னொலியில் மறுபடி பூட்டிக் கொடுத்தார்கள். தம் பாட்டு துண்டு துண்டாகக் கிடப்பதைக் கேட்ட பிறகே அந்தக் குழுவுக்குத் தாம் யார் என்று தெரிந்தது. ஃபுல்பர் இரண்டாவது அல்பத்தில் கூட்டாளியாகவே சேர்ந்துவிட்டார். இந்த இசையில் இரண்டாவது அல்பங்கள் கனப்பதற்கு இப்படி ஒரு காரணம் உண்டு: முதலாவதில் சத்தம் போடுவார்கள், இரண்டாவதில் அது எந்தச் சத்தம் என்று கண்டுபிடிப்பார்கள். ஆனால் அதே வகைக் கருவிகள் சென்னைக்கும் வந்தன. 1986 இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியில் இசை கோத்தார். 1992 இல் ‘றோஜா’ வந்தது, ஏ. ஆர். றஹ்மானின் கூடத்தில் இல்லாத கருவி பேர்மிங்ஹாமில் இருந்திருக்காது. சென்னையில் அவற்றிலிருந்து மழையும் காதலும் வந்தன. கருவி மட்டும் காரணமென்றால் கோடம்பாக்கத்திலும் உருக்குச் சத்தம் எழுந்திருக்க வேண்டும்.

என் வாதத்துக்குள் மடங்காத ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1980 இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ற்றபோவ்லியே என்ற சுரங்க ஊரில் லைபாக் குழு பிறந்தபோது அங்கே நிலக்கரி வெட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. லைபாக் மெசினைவிட அரசின் அணிவகுப்பையே அதிகம் ஒத்திகை பார்த்தது என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்திலேயே பலமான சான்றும் இருக்கிறது. கிழக்கு ஜேர்மனி மறைந்தபோது அதன் சுமார் 8,500 அரச நிறுவனங்களும் 40 இலட்சம் தொழிலாளரும் ட்றொய்ஹண்ட் என்ற ஒரே முகவரகத்தின் கைக்குப் போனார்கள். விற்றதும் மூடியதும் 1994 வரை நடந்தது. அந்த 1994 இலேயே, கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்த ஆறு பேர் ராம்ஸ்டைன் குழுவைத் தொடங்கினார்கள். 1997 இல் வந்த அவர்களின் இரண்டாவது அல்பம் ‘சேன்சுக்ற்’ உலகம் முழுக்கப் போனது. அவர்களின் பாடகர் ஒரு காலத்தில் கூடை முடைந்து பிழைத்தவர்.

இனி நம் கரை. கொவென்றி நகரம் பேர்மிங்ஹாமிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். அங்கே பானர் லேன் என்ற இடத்தில் 1946 முதல் ஃபேர்கசன் உழவு இயந்திரங்கள் செய்யப்பட்டன, பிறகு மெஸி ஃபேர்கசன் என்ற பெயரில். இலங்கையில் மெஸி என்றால் தெரியாத வயற்காரர் இல்லை. பழைய 35, 135 மாதிரிகளை இன்றும் கராஜ்களில் காணலாம். பட்டிப்பளை ஆறு என்று நாம் சொல்லும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்ட 1949 இல் அமெரிக்காவின் மொறிசன் நுட்சன் கம்பெனி வந்தபோதே பெரிய மெசின்கள் இன்றைய அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டன. அடுத்த இருபது வருடத்தில் அட்டாளைச்சேனை, ஒலுவில், பாலமுனை, நிந்தவூர் வட்டைகளுக்குள் மெஸியும் லேண்ட்மாஸ்டரும் இறங்கின. அதுவரை வேளாண்மை வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, பிறகு களவெட்டியில் பரப்பி மாட்டையும் எருமையையும் வளைய நடத்திச் சூடு மிதிப்பார்கள். இரவிரவாக நடக்கும் வேலை. மாடு நிற்கக்கூடாது, பின்னால் நடப்பவன் தூங்கக்கூடாது. இரண்டுக்கும் மருந்து பாட்டு. முஸ்லிம்கள் அல்லாஹ்வின் பேரிலும் நபியின் பேரிலும் தொடங்குவார்கள். பக்கத்துத் தமிழ் ஊர்களில் பிள்ளையார் பேரில். களத்துக்கென்று தனிச் சொற்கள் இருந்தன, வீட்டில் வழங்கும் பெயரைக் களத்தில் உச்சரிக்கமாட்டார்கள். பொலி பெருகட்டும் என்ற வேண்டுதல் அந்தச் சொற்களிலும் இருந்தது, பாட்டின் இழுவையிலும் இருந்தது.

உழவு இயந்திரம் இதே களவெட்டியில்தான் ஏறியது. மாடு சுற்றிய அதே வட்டத்தில், அதே கதிரின் மேல், சில்லு சுற்றியது. மாறியது ஒன்றுதான்: டீசல் இஞ்சின் இரையும்போது பாடினால் பாடுகிறவனுக்கே கேட்காது. பாட வேண்டிய தேவையும் போய்விட்டது. இஞ்சினுக்குத் தூக்கம் வராது. சாரதிக்கு மணிக்கணக்கில் கூலி, ஒரு களத்தை முடித்தால் அடுத்த களம். வயல் வேலையை நடத்தும் முல்லைக்காரனும் அவன் ஆட்களும் ஒரு கூட்டமாக இரவைக் கழித்த இடத்தில் கூலிக்கு வந்த ஒருவர் தனியாக வட்டம் போட்டார். பிறகு சூடடிக்கும் மெசின் வந்தது, இப்போது வெட்டு மெசின்; வெட்டும் மிதியும் தூற்றலும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன, களவெட்டியே தேவையில்லை. இதில் நல்லதும் உண்டு. மாரியில் நனைந்த கதிரோடு பாடுபட்டவர்களின் இடுப்பைக் கேட்டால் பழைய காலத்துக்காக யாரும் அழமாட்டார்கள். பாட்டுக்காக எருமையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது நகரத்துக்காரனின் ஆசை.

இவ்வூர்களில் பாட்டுக் குறைந்ததற்கு மார்க்கப் பேணுதல்தான் காரணம், மெசின் அல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. இசைக்கருவி பற்றிய உலமாக்களின் நிலைப்பாடு தெரிந்ததே. ஆனால் நாட்டுக் கவி என்பது வெறும் குரல். பரண் காவலில் இருந்தவரும், வயலில் நாற்று நட்ட பெண்ணும், தொட்டில் ஆட்டிய தாயும் பாடியது கருவியே இல்லாமல். கருவியைக் காரணம் காட்டி அதை நிறுத்த முடியாது. அதே நேரம் றபான் தட்டிப் பாடும் பக்கீர் பைத்தும் கோலடிக்கும் களிகம்பும் கல்யாணம், கந்தூரி என்று தமக்கான சபைகளை வைத்துக்கொண்டு நெடுங்காலம் தாக்குப்பிடித்தன. கருவியோடு இருந்தது நீடித்தது, கருவி இல்லாதது முந்திப் போனது என்றால், தடையைவிட வேலை போனதே பெரிய காரணம். சபைக்குரிய பாட்டுக்குச் சபை இருந்தது. வேலைக்குரிய பாட்டுக்கு அந்த வேலை இல்லாமல் போனது.

போன பிறகு யார் நினைவு வைத்தார்கள் என்பதில்தான் இரண்டு இடங்களும் பிரிகின்றன. கல்முனைக்கும் நிந்தவூருக்கும் இடையே உள்ள காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். நூற்றாண்டுகளாக யாரும் கேட்டிராத ஒரு கருவியின் சுரங்களைக் கணக்குப் போட்டு மீட்கும் நூல் அது. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வந்தது. களத்து வழக்குகளும் நாட்டுக் கவிகளும் அதில் ஏறின. பின்னாளில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். தேவையான, நன்றிக்குரிய வேலை. ஆனாலும் உழவு இயந்திரம் பரவத் தொடங்கிய காலமும் பாட்டை ஏட்டில் ஏற்றும் அவசரம் பிறந்த காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. மெசின் போன ஊரில் தொழிலாளியின் மகன் கிற்றாரை எடுத்தான்; மெசின் வந்த கரையில் படித்தவர்கள் பேனாவை எடுத்தார்கள். ஏட்டில் சொல் நின்றது. மாட்டின் நடைக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் வந்த அந்த இழுவை ஏட்டில் ஏறாது.

கடற்கரையிலும் இதே கதை இன்னொரு முறை நடந்தது, அங்கேயும் பாத்திரம் அதே உழவு இயந்திரம். கரைவலை இழுக்க இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் அம்பாவுக்குக் கால் வைத்து, பின்னோக்கி நடந்து, மடியைக் கரை சேர்ப்பார்கள். அடி தவறினால் கயிறு கையை அறுக்கும். அந்தப் பாட்டு வேலையின் ஓர் உறுப்பு. பிறகு பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. ஒலுவில் பக்கத்தில், 2013 இல் துறைமுகம் திறந்த பிறகு, வலை இழுக்கும் மணலையே கடல் தின்றுகொண்டிருக்கிறது என்பது தனிக் கதை.

இந்த இடத்தில் இன்னோர் இரண்டாவது அல்பத்தைச் சொல்ல வேண்டும், அது மெற்றல் இல்லை என்றாலும். யாழ்ப்பாணத்து வேரும் லண்டன் வாழ்க்கையும் கொண்ட மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2005 இல் முதல் அல்பத்துக்குத் தந்தையின் பெயரையும் 2007 இல் இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் வைத்தார். ‘கலா’ அமெரிக்காவில் உருவாகியிருக்க வேண்டியது. 2006 இல் விசா கிடைக்காததால் ஊர் ஊராக அலைந்து பதிவானது. சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவுசெய்தார். உறுமியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வளைந்த குச்சியால் தோலை உராய்க்கும்போது அது அடிபடுவதில்லை, முனகும். அந்த முனகலை வெட்டி, அடுக்கி, மெசினின் உறுமலாகவே அவர் ஆக்கினார். ஒரு பாடலின் தொடக்கத்தில் படகு இழுக்கும் கேரள மீனவரின் குரல் கேட்கிறது. கடலோரத்து வேலைப்பாட்டு ஒன்று மெசின் இசைக்குள் உயிரோடு ஏறியது இப்படித்தான். அதை ஏற்றியவர் கரையில் வலை இழுத்தவர் அல்லர், ஊரை விட்டு நீங்கியவர். மண்ணோடு பேச்சு முறிந்த இடத்தில் ஒலி பொருளாகிறது என்பதற்கு இதுவும் சாட்சி. கொழும்பின் மெற்றல் குழுக்களில் பெயர்பெற்ற ஸ்டிக்மாட்டாவின் இரண்டாவது அல்பம் 2006 இல் வந்தது, நாடு மறுபடி போருக்குள் போன வருடம். அது தலைநகரத்து ஆங்கிலப் பாட்டு, கிற்றாரின் வித்தையில் ஊன்றியது. ஆலையும் களவெட்டியும் அதில் வரக் காரணமில்லை.

அப்படியானால் அட்டாளைச்சேனையில் மெசின் பாட்டு ஏன் எழவில்லை என்ற கேள்விக்கு என் பதில் இது. இங்கே மெசின் ஊரையே விழுங்கும் ஒற்றை ஆலையாக வரவில்லை. தனித்தனியாக, வாடகைக்கு, இன்னாருடைய மெஸி, இன்னாருடைய மில் என்று வந்தது. சங்கு ஊதினால் ஆயிரம் பேர் உள்ளே போய் ஒரே அடியைக் கேட்டு ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அனுபவம் இந்த ஊருக்கு இல்லை. கொவென்றிக்கு அது இருந்தது: 1981 இல் அந்த நகரத்து ஸ்பெஷல்ஸ் குழு மூடிக்கிடக்கும் ஊரைப் பற்றிப் பாடியது பிரித்தானியாவில் முதலிடத்துக்குப் போனது. அதுவும் மெற்றல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூடிய ஊர் பாடும், எந்த வகையில் பாடும் என்பதை அங்கே கையில் கிடைக்கும் இசை தீர்மானிக்கும். பானர் லேனில் கடைசி உழவு இயந்திரம் 2002 இறுதியில் வெளியே வந்தது. ஆனால் 1960 இல் சென்னையில் தொடங்கிய டாஃபே அதே மெஸியைச் செய்துவந்ததால் நமக்கு அதன் முடிவு தெரியவேயில்லை. கொவென்றியில் நின்ற இஞ்சின் நம் வயலில் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த மாவட்டத்தில் ஆலை அனுபவம் தேடினால் ஹிங்குரானைக்குப் போக வேண்டும். கல்லோயாத் திட்டத்தோடு எழுந்த அந்தச் சீனித் தொழிற்சாலை மூடி, பல வருடம் துருப்பிடித்து, மறுபடி திறந்தது. அல்லது மருதமுனைக்குப் போக வேண்டும். இறக்குமதி கட்டுப்பட்டிருந்த 1970களின் முன்பாதியில் அங்கே வீட்டுக்கு வீடு தறி. நாடா ஓடும் சத்தமும் மிதிக்கட்டையின் சத்தமும் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் வெளிநாட்டுத் துணி கொட்டியது, தறிகள் குறைந்தன. ஒரே சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், அந்தச் சத்தம் தேய்வதைக் கேட்டவர்கள், அங்கேதான் இருக்கிறார்கள். இந்தக் கரையில் மெசின் அடியை எடுத்து ஒருவர் இசை செய்வாரானால், வயற்காரர் வீட்டைவிட நெசவாளி வீட்டிலிருந்து அவர் வரவே வாய்ப்பு அதிகம். ஃபொன்டானாவில் உலை அணைந்து 12 வருடத்தில் அல்பம் வந்துவிட்டது, மருதமுனைக்கு அரை நூற்றாண்டு ஆகப்போகிறதே, இன்னும் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மருதமுனைத் தறி முழுதாக நிற்கவில்லை. சாரனும் சாரியும் இன்றும் அங்கே நெய்கிறார்கள், சந்தைக்கும் போகிறது. அது அப்படியே ஓடட்டும். பாட்டு வராவிட்டால் குற்றமில்லை.